புளித்த மாவும் உம்முடைய சராசரியும்

இன்று காலை மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. உடனே உம் ஞாபகம் வந்தது. செத்துப்போன மனுஷனை நினைக்க ஊதுபத்தி, மல்லிகை என்று கௌரவமாக ஏதாவது வேண்டும். உமக்கு வாய்த்தது இதுதான் வே.

மும்பை தாராவியில் ஒரே சந்தில் இருவரும் இட்லி அவித்தோம். விற்க நீர் மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனீர், நான் வடாலாவுக்கு. சண்டைக்குக் காரணமே இல்லை, என் மகள் பி.காம். சேரும்வரை.

அவள் கல்லூரியில் சனிக்கிழமை மாலைகளில் ஓர் அடிப்படை வகுப்பு நடத்தினார்கள். கணிதம், புள்ளியியல், கணக்குப்பதிவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், வெளியாட்களும் சேரலாம். பத்தாவதோடு நின்றவன் நான். மகள் சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிற அப்பாவாகிவிடலாம் என்று சேர்ந்தேன். தனியாகப் போகக் கூச்சம். துணைக்கு உம்மையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் போட்டதிலேயே மோசமான கணக்கு அது.

மேடம் போர்டில் எழுதி முடிக்கும் முன்பே நீர் தலையாட்டுவீர். உம் தலையைப் பார்த்து நான் ஆட்டுவேன். கையில் ரொக்கம் வந்தால் டெபிட் என்று அவர் சொன்னபோது நான் எழுந்து வாதாடினேன்: "பாஸ்புக்குல காசு போட்டா கிரெடிட்டுன்னுதான மேடம் வருது?"

"அது பேங்க்காரன் அவன் பக்கத்துல இருந்து எழுதுனது வே. உம்ம காசு அவனுக்குக் கடன்லா!" என்றீர் நீர். வகுப்பே கைதட்டியது. எனக்குக் காது சுட்டது.

சராசரி படித்த வாரம் நானும் புத்தியைக் காட்டினேன். ஒரு மாத விற்பனையைக் கூட்டி, நாட்களால் வகுத்து, தினமும் அதே அளவு அரிசி ஊறப்போட்டேன். திங்கட்கிழமை சீக்கிரமே இட்லி தீர்ந்து ஆபீஸ்காரர்கள் திட்டிவிட்டு ரயிலேறினார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதி மாவு புளித்துச் சாக்கடைக்குப் போனது. நீர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்.

"ஞாயித்துக்கெழமையையும் திங்கக்கெழமையையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுனா அது கணக்கா வே? சாம்பாரு! சராசரிய மட்டும் பாத்தா போதுமா? அதச் சுத்தி நாளு என்ன ஆட்டம் போடுதுன்னு பாரும்."

என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அரே மாமா, அதுதான் ஸ்டாண்டர்டு டீவியேஷன்! எங்க சார் சொல்லிப் புரியவே இல்ல" என்றாள். அன்றிலிருந்து புத்தகத்தோடு உம் வீட்டுக்குத்தான் போனாள். வாசலில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் அவள் கேட்ட ஒரே சந்தேகம், "அப்பா, கொஞ்சம் தள்ளுதீங்களா?"

பொறாமைதான் வே. அந்தச் சனிக்கிழமை வகுப்புத் தேர்வில் பாஸாகி நீர் பேடா கொடுத்தபோது சீனி கம்மி என்றேன், நாலு தின்ற பிறகு. மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீர் திரும்பவில்லை. நானும் அழுதேன். ஆனால் என் மகள் அழுத அழுகையைப் பார்த்து, நாளைக்கு எனக்கும் இவ்வளவு அழுவாளா என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது பாரும்!

போன வாரம் பரீட்சைக்கு முன் அவள் புத்தகத்தோடு வெளியே வந்தாள். கால் பழக்கத்தில் உம் வீட்டுப் பக்கம் திரும்பியது. பூட்டைப் பார்த்து நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ரெண்டு கடைக்கும் சராசரி விற்பனை ஒண்ணுதான். அப்போ எத நம்பலாம்?"

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டி, சாம்பார், ஆட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டம் குறைந்த கடைக்காரனுக்கு எவ்வளவு ஊறப்போடலாம் என்று தெரியும், மாவு வீணாகாது என்றேன். அவள் முகம் தெளிந்தது. புத்தகத்தை மூடினாள்.

"அப்படியே மாமா சொல்ற மாதிரி இருக்குப்பா."

பதில் சொன்னது நான், மார்க் உமக்கு.

உம் இட்லித் தூக்குச்சட்டியை இப்போது நான்தான் மாட்டுங்காவுக்குச் சுமக்கிறேன். அந்த இடத்து ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. நேற்று குறைத்துப் போட்டும் மாவு மிஞ்சிப் புளித்துவிட்டது. இட்லியை வாயில் வைத்த ஒரு கிழவர், "அந்த அண்ணாச்சி இட்லி மாதிரி வராது" என்றார்.

வராதுதான் என்றேன். என் வாயால் சொன்னேன் வே, கேட்டீரா?