சோளம் பறிக்க வந்த மூக்கன்

2 அக்டோபர் 1961, திங்கள்

கணக்கெழுதும் கிராணி முத்துசாமியின் வலது காது இன்று கறுப்பு. டெலிபோன் குழாயில் யாரோ கிரீஸ் தடவியிருக்கிறார்கள். அந்தக் காதோடு பேங்குக்குப் போய், வரிசையில் நின்று, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஒருவரும் சொல்லவில்லையாம். மரியாதை தெரிந்த ஊர்.

பட்டறையில் எது நடந்தாலும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். இன்றும் திரும்பின. நான் என் விரலைப் பார்த்தேன். விரல் கறுப்பு. எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல என் விரலே போதும்.

முதலாளி பெயர் வேலாயுதம். பெயரிலேயே ஆயுதம் இருப்பதால் வருஷம் முழுக்கப் பூஜை, அதுவும் எனக்கு.

"டேய் இஞ்ஞாசி, உனக்கு வயசு பதினாறா ஆறா? தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு சேட்டை, உங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுருவேன். ஒழுங்கா இருந்தா அப்ரண்டிஸ்."

அம்மா எனக்கு வேறு வேலை தயாராக வைத்திருக்கிறாள். மாமாவின் சவப்பெட்டிக் கடையில் வார்னிஷ் அடிப்பது. நல்ல கடை, நல்ல மாமா. ஆனால் அங்கே வருகிற ஒருவரும் சிரிப்பதில்லை. நான் ஒரு வாரத்தில் செத்துவிடுவேன். பெட்டிக்கு அலைய வேண்டாம், அது ஒன்றுதான் வசதி.

தண்டனையும் உண்டு. புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. அதன் இங்கிலீஷ் புத்தகத்தை நான் முழுக்கப் படித்து, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று எல்லாருக்கும் தமிழில் சொல்ல வேண்டும். எழுதிப் பலகையிலும் மாட்ட வேண்டும்.

தொடக்கூடாததைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்!

4 அக்டோபர், புதன்

பெட்டியை உடைத்தோம். சோளக்கதிர் பறிக்கும் மெஷின். தனியாக ஓடாது, டிராக்டரின் முன்னால் மாட்ட வேண்டும். கூம்பு மாதிரி இரண்டு நீள மூக்கு. இரண்டு மூக்குக்கும் நடுவில் சோளத் தட்டை நுழையும். சங்கிலி அதைப் பிடித்து உள்ளே தள்ளும். கீழே இரண்டு இரும்பு உருளைகள் தட்டையைக் கவ்விக் கீழே இழுக்க, கதிர் மட்டும் மேலே ஒடிந்து நிற்கும். பார்க்க முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பது போல. நான் மூக்கன் என்று பெயர் வைத்தேன்.

"சிங்கப்பூர்ல சோளம் எங்கடா இருக்கு? ரோச்சோர் கால்வாய்லயா?" என்றார் சுப்பிரமணியம் அண்ணன். எங்கள் ஃபிட்டர். டிராக்டரும் அவர்தான் ஓட்டுவார்.

சோளம் பாலம் தாண்டி மலாயாவில், குளுவாங்கில் இருக்கிறது. ஹனீபா என்பவர் அங்கே கோழித் தீனிக்காக மலை மலையாகப் பயிரிடுகிறாராம். அவர் வந்து ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அதற்காக இங்கேயே ஊருக்கு வெளியே லிம் சூ காங்கில் ஒரு சீனர் தோட்டத்தில் சோளம் முற்றிக்கொண்டிருக்கிறது.

புத்தகம் கனம். தலையணையாக நன்றாக இருக்கிறது.

6 அக்டோபர், வெள்ளி

புத்தகத்தில் ஒரு வரி. உருளையில் சிக்கிய தட்டையை என்ஜின் ஓடும்போது கையால் இழுக்காதே, நீ கையை விடுவதற்குள் அது உன் கையையும் இழுத்துவிடும்.

புத்தகம் எழுதியவன் சும்மா பயமுறுத்துகிறான் என்றேன். கையை விட எவ்வளவு நேரமாகும்? நான் முத்துசாமியைக் கண்டால் எதையும் உடனே விட்டுவிடுவேன்.

"அப்போ பாத்துரலாம் லா," என்று சுப்பிரமணியம் அண்ணன் டிராக்டரில் ஏறினார். நான் நீளக் கம்புள்ள துடைப்பத்தைத் தூரத்திலிருந்து நீட்டினேன். உருளை தொட்டதும் விட்டுவிடுவதாக ஏற்பாடு.

உருளை தொட்டது. நான் விட்டேன். அதாவது, விட்டேன் என்று நினைத்தேன். கம்பு ஏற்கெனவே போயிருந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை. துடைப்பம் அந்தப் பக்கம் சிராய்களாக வந்து விழுந்தது.

அண்ணன் என்ஜினை நிறுத்தினார். மூக்கன் மட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது.

அம்மாவிடம் கை எரிவது கிரீஸால் என்று சொன்னேன். எண்ணெய் தடவிவிட்டு, "மாமா கடையில வார்னிஷ் கையைச் சுடாது," என்றாள்.

9 அக்டோபர், திங்கள்

பலகை மாட்டியாகிவிட்டது. என் கையெழுத்து, என் தமிழ்:

கை இரண்டுதான். ஸ்பேர் எந்தக் கடையிலும் கிடையாது.

சிக்கிக்கொண்டால் முதலில் என்ஜினை நிறுத்து. பிறகு சாவியை எடு. பிறகு உருளை நிற்கும் வரை நில். பிறகு கையை நீட்டு. முதலில் கையை நீட்டினால் "பிறகு" கிடையாது.

சங்கிலி தளர்ந்தால் கழன்று ஓடும். இறுக்கினால் அறுந்து ஓடும். ஒரு விரல் அசையும் அளவு விடு. அந்த விரலைத் திரும்ப எடுத்துக்கொள்.

தூக்கி வைத்த மூக்கின் கீழே முட்டுக் கொடுக்காமல் படுக்காதே. தூங்க வேறு இடம் உண்டு.

தொங்குவது எதுவும் கூடாது: துண்டு, சால்வை, சாரோங் முனை, காதலி கொடுத்த கைக்குட்டை.

கிராணி முத்துசாமி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "இதென்ன கேலி? அறிவிப்புன்னா கௌரவமா இருக்க வேணாமா?"

முதலாளியும் படித்தார். மீசை ஆடியது. சிரிப்பா கோபமா என்று மீசையை வைத்துச் சொல்ல முடியாது. "இருக்கட்டும்," என்றார். "மத்த பலகையை எவன் படிக்கிறான்? இதைப் படிக்கிறானுங்க."

12 அக்டோபர், வியாழன்

முத்துசாமியின் நாற்காலியில் ஒரு திருகாணி கழன்றிருக்கிறது. நான் கழற்றவில்லை, சத்தியமாக. நானே முறுக்கி வைத்தேன். உடம்புக்கு என்ன ஆயிற்று எனக்கு?

18 அக்டோபர், புதன்

பட்டறையில் ஆயுத பூஜை. லேத்துக்கு மாலை, ஸ்பானருக்குப் பொட்டு, லோரிக்கு வாழைக்கன்று. மூக்கனுக்குத்தான் அதிக மரியாதை: ஆளுயரச் சாமந்தி மாலை, இரண்டு மூக்கிலும் திருநீறு, சந்தனம், குங்குமம். இன்று எந்த மெஷினும் ஓடாது, நாளை விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். எனக்குப் பொரியும் சுண்டலும் இரண்டு பங்கு. சர்ச்சில் இருக்கும் என் சாமிக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

முதலாளி சூடத்தைக் காட்டிக்கொண்டே மூக்கனைப் பார்த்த பார்வையில் கல்யாணப் பெண்ணின் அப்பா தெரிந்தார். ஹனீபா வாங்காவிட்டால் இது இங்கேயே துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதுதான்.

19 அக்டோபர், வியாழன்

நான் தொலைந்தேன்.

புத்தகப்படி ஓட்டுவதற்கு முன் கிரீஸ் அடிக்க வேண்டும். காலையில் கிரீஸ் கன்னோடு போனால் — கிரீஸ் ஏற்றுகிற ஒவ்வொரு நிப்பிளின் வாயிலும் அழகாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம்! கன்னியாகுமரி வரை தேடினாலும் இவ்வளவு ஒழுங்காகப் பொட்டு வைக்கிற ஆள் கிடைக்கமாட்டார். அப்படியே கிரீஸ் அடித்தால் சந்தனமும் குங்குமமும் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்து அரைக்கும்.

மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"ஐயையோ! விஜயதசமி அன்னிக்கு வேதக்காரப் பய பொட்டை அழிக்கிறான்!"

முத்துசாமி. காது இப்போது வெள்ளை, முகம் சிவப்பு. பட்டறையே கூடிவிட்டது. சுப்பிரமணியம் அண்ணன் முகம் சுருங்கியிருந்தது. பொட்டு வைத்தது அவர்தானாம், விடிகாலையில் குளித்துவிட்டு வந்து வைத்தாராம். "என்னடா, இதுலயுமா விளையாட்டு?" என்றார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால் தேவலை.

இது விளையாட்டு இல்லண்ணே, இது ஓட்டை, கிரீஸ் போற ஓட்டை, சாமிமேல சத்தியமா, எந்தச் சாமின்னாலும் சரி... உளறினேன். கடைசியில் ஒரு நிப்பிளைத் துடைக்காமல் விட்டு, கிரீஸ் கன்னை வைத்து அழுத்திக் காட்டினேன். ஓரத்தில் சிவப்பாகப் பிதுங்கியது. கழற்றிப் பார்த்தால் உள்ளேயும் சிவப்பு.

முதலாளி குனிந்து பார்த்தார். அண்ணனும் பார்த்தார்.

"அம்மன் கோச்சுக்கமாட்டா," என்றார் அண்ணன். "பேரிங் கோச்சுக்கும்." மிச்சத்தை அவரே துடைத்தார். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூக்கனின் தகர மூடிகளின் மேல் புதிதாகப் பொட்டு வைத்தார்.

முத்துசாமி மட்டும் போகும்போது, "தீபாவளி இன்னும் வரல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

21 அக்டோபர், சனி

எழுத்து கோணலாக இருந்தால் பேனா பொறுப்பில்லை.

லிம் சூ காங். வெயில். சோளம் தலைக்கு மேல். ஹனீபா காரில் வந்து இறங்கினார். சின்ன உருவம், கண் மட்டும் பெரிசு, எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண்.

முதலாளி அவருக்கு மாலை போட்டார், ஜரிகைச் சால்வை போர்த்தினார். ஹனீபா சும்மா விடுவாரா? "மரியாதை உங்களுக்குத்தான் முதலாளி," என்று அதே சால்வையை எடுத்து முதலாளிக்கே போர்த்தி, அதே மாலையையும் போட்டுவிட்டார். முதலாளி குளிர்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில் போய், "முதலாளி, தொங்குது," என்றேன்.

"என்னது?"

"சால்வை. பலகையில போட்டிருக்கு."

"போர்த்துன மரியாதையை அவர் எதிரேயே கழட்டுறதா? போடா அங்கிட்டு."

சுப்பிரமணியம் அண்ணன் ஓட்டினார். மூக்கன் சோளத்துக்குள் புகுந்தது. கதிர்கள் மடமடவென்று மேலே ஏறின. ஹனீபா பின்னாலேயே நடந்து, கீழே எத்தனை கதிர் சிந்துகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார். முதலாளி அவர் குனியும்போதெல்லாம் மூச்சை நிறுத்தினார்.

பாதி வரியில் சிக்கிக்கொண்டது. களைக்கொடியும் தட்டையும் சேர்ந்து உருளையில் அடைத்துக்கொண்டன. உருளை திணறி, கிளட்ச் டகடகவென்று அடித்தது, சங்கிலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்கக் கையை நீட்டினார்.

"அணைக்காதே!" முதலாளி. "சத்தம் நின்னா மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைப்பார்." பிறகு ஹனீபாவிடம் திரும்பி, மூக்கன்மேல் ஒரு கையை வைத்து, சிரித்த முகமாக, "இது ஒண்ணுமில்ல பாய், சின்னப் புள்ளகூட எடுத்துரும்..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். சால்வை முனை சங்கிலிமேல் விழுந்தது. சங்கிலி அதை விருந்தாளி மாதிரி உள்ளே அழைத்துப்போனது. அவருக்குத் தெரியவில்லை! பின்பக்கம் ஜரிகை போய்க்கொண்டிருக்கிறது, முன்பக்கம் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது.

"நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சேட்டை என்று நினைத்துவிட்டார்.

டிராக்டரில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அண்ணன் மடிமேல் விழுந்து ஸ்டாப் குமிழை இழுத்தேன்.

என்ஜின் நின்றது. மூக்கன் நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு அரைச் சுற்று. அதுவரை நான் எந்தச் சாமியையும் விடவில்லை. பிறகு நின்றது.

"எவன்டா நிறுத்துனது? இஞ்ஞாசி! இவர் முன்னாடியா உன் சேட்டை..." என்று முதலாளி திரும்ப முயன்றார். திரும்ப முடியவில்லை. இன்னொரு தரம் முயன்றார். கழுத்து வரவில்லை. தோளை மூக்கன் பிடித்துக்கொண்டிருந்தது. சால்வையில் மீதி இருந்தது ஒரு சாண்.

முதலாளியின் முகம் கிராணியின் பழைய காது மாதிரி ஆனது.

கத்தரிக்கோல் கேட்டேன். "ஜரிகை..." என்றார் முதலாளி, அந்த நிலையிலும். அதனால் அண்ணன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், நானும் அவருமாகச் சங்கிலியை ஓட்டும் இரும்புத் தண்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றினோம். ரொம்ப நேரம். அதுவரை முதலாளி மாலையோடு மெஷினில் கட்டுண்டு நின்றார். ஹனீபா எதிரே வந்து, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்:

"கதிர் சிந்தல. அது திருப்தி. ஆமா, இந்த மெஷினை ஓட்டுறவன் கையைத் தின்னாம இருக்க என்ன வழி?"

முதலாளி என்னைப் பார்த்தார். கழுத்து திரும்பாததால் கண்ணால் மட்டும்.

"பலகை இருக்கு," என்றார். "அந்தப் பய எழுதுனது."

23 அக்டோபர், திங்கள்

முத்துசாமி காலையிலேயே முதலாளி அறையில். கதவு திறந்திருந்தது, நான் ஒட்டுக்கேட்கவில்லை, சும்மா பக்கத்தில் தரையைத் துடைத்தேன்.

"வாங்க வந்தவர் முன்னாடி என்ஜினை நிறுத்துனான். நீங்க போட்ட கண்டிஷன்படி..."

"ஹனீபா ரெண்டு மெஷின் கேட்டிருக்கார்."

"...இருந்தாலும்."

"ஓட்டுற ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுக்க இவனையும் அனுப்பச் சொல்றார். ரிஜிஸ்தர்ல இவன் பேருக்கு நேரா அப்ரண்டிஸ்னு போடும்."

"சேட்டைன்னு ஒரு குறிப்பாவது போடட்டுமா?"

"இடம் பத்தாது ஓய்."

அம்மாவிடம் சொன்னேன். அவள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கிரீஸ் இல்ல இது," என்றாள். அவ்வளவுதான்.

14 நவம்பர், செவ்வாய். குளுவாங்

ஹனீபாவின் ஆட்கள் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் என்னைவிட இரண்டு பங்கு வயது. காலை முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன், நன்றாகச் சிரித்தார்கள். மத்தியானம் முதல் அடைப்பு. என்ஜினை அணைத்தேன், சாவி பையில். உருளைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்ராஹீம் என்று ஒருவர், பெரிய தோள்காரர். "என்ன தம்பி, என்ஜின்தான் நின்னுருச்சே. பயமா?"

"ஆமாண்ணே," என்றேன். "ரொம்பப் பயம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கு நான் சொன்னதில் இதற்குத்தான் பெரிய சிரிப்பு.

நான் உருளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு கையை நீட்டினேன்.