விலாவுக்கு வைத்த காந்தம்

இன்று காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். 'மருந்தே இல்லாமல் வலி போக்கும் முகாம். முதுகு, மூட்டு, விலா, எதுவானாலும்.' ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மைதாப் பசை வாடை முகத்தில் அடித்தது. எண்பதுகளில் நீ உன் நோட்டீஸை இதே சுவரில் ஒட்டிய அன்றும் இதே வாடைதான். அதில் என் பெயரையும் போட்டிருந்தாய், குணமானவன் என்று.

நீ யார்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாத்தியார். நாலு ஓட்டை மெஷினை வைத்துக்கொண்டு சுற்றுப்பட்டுப் பிள்ளைகளுக்கு விரல் ஒடித்துக்கொண்டிருந்தவன். தபாலில் ஒரு காந்த வைத்தியப் புத்தகத்தை வரவழைத்தாய். இரண்டே மாதத்தில் டாக்டர் ஆகிவிட்டாய். சர்டிபிகேட்டையும் நீயே டைப் அடித்துச் சட்டம் போட்டு மாட்டினாய். உன் மெஷினில் இங்கிலீஷ் 'ஆர்' எழுத்து எப்போதும் அரை வரி கீழே விழும். 'டாக்டர்' என்ற சொல்லின் வாலே உன்னைக் காட்டிக்கொடுத்தது. என் மைக் செட் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை அடக்கத்தான் போலிருக்கிறது, மாகறல் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போய், புளியமரத்தில் ஹாரனைக் கட்டிவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். கீழே நின்ற மாட்டுவண்டிச் சக்கரத்தில் இடது பக்கம் மோதியது. மூன்று விலா எலும்பு. காஞ்சிபுரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாதுப்பா, தானா கூடும்" என்றார். முந்தின வருஷம்தான் வயிற்றுப் புண்ணால் ரத்தமாக வாந்தி எடுத்திருந்தேன். அதனால் வலி மாத்திரையும் கூடாது என்றுவிட்டார். "வலிச்சாலும் மூச்சை நல்லா இழுத்து விடு" என்றும் சொன்னார். வலிக்கிறவன் காதில் அதெல்லாம் ஏறுமா? கையை ஒடித்துக்கொண்டவனுக்காவது கட்டைப் பார்த்து நாலு பேர் பரிதாபப்படுவார்கள். விலாவை ஒடித்துக்கொண்டவன் சும்மா படுத்திருக்கிறான் என்றுதான் தெரு பேசியது.

மூன்றாம் நாள் ரெக்சின் பையோடு நீ வந்தாய். சிவப்புத் துணியில் சுற்றிய இரண்டு வட்டக் காந்தங்கள். துணியை விலக்கிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"டேய், இது நான் கடைக்குப் பின்னால தூக்கிப் போட்ட எரிஞ்ச ஸ்பீக்கர்ல இருந்தது இல்ல?"

"எங்க இருந்தா இன்னாடா? காந்தம் காந்தமாத்தான் கீது. வாய மூடிக்கினு படு."

வேறு வழியில்லாமல்தான் படுத்தேன். நெஞ்சில் ஒன்று, விலாவில் ஒன்று வைத்தாய். காந்தம் இழுக்கும்போது நானும் மூச்சை இழுக்க வேண்டுமாம். டைப் கிளாஸ் பிள்ளைகளை அதட்டுவது போல, "இழு... நிறுத்து... இப்ப மெதுவா வுடு" என்று பத்து தடவை. பிறகு தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். காந்தம் மேலே தூக்கிய சளியை நான் வெளியே தள்ளுகிறேனாம்! இருமும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. உன் வம்சத்தையே திட்டினேன். நீ அசரவில்லை. காலை கிளாஸ் முடிந்ததும் சைக்கிளில் வந்து நிற்பாய். ஆறு வாரம், ஒரு நாள்கூட விடவில்லை. என் சம்சாரம் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மூன்றாவது வாரம் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது. ஆறாவது வாரம் மைக் பெட்டியைத் தூக்கினேன்.

டாக்டரிடம் மறுபடி போனேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தவர் ஆச்சரியப்பட்டு, என்ன செய்தாய் என்று கேட்டார். காந்தத்தை விட்டுவிட்டு மூச்சையும் தலையணை இருமலையும் மட்டும் சொன்னேன். "சளியே கட்டல. வலிக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கினு பல பேரு நிமோனியாவுல விழுந்துடுவாங்க. இந்த மூச்சும் தலகாணி இருமலும்தான் உன்னைக் காப்பாத்துச்சு. யாருப்பா செய்ய வச்சது?"

"நானேதான் சார் பண்ணேன்" என்றேன்.

ஒரு டைப் வாத்தியார் பெயரைச் சொல்ல வாய் கூசியது. டாக்டர் சொன்னதை உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் தலைகால் தெரியாமல் ஆடுவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீயோ என்னைப் பிடித்துச் சந்தையில் நிறுத்தி, "மூணு எலும்பு, ஒரு மாத்திரை கெடையாது, கேட்டுப் பாருங்க" என்று காட்டினாய். சர்க்கஸ் குரங்கு மாதிரி நின்றேன்.

அடுத்த ஆவணியில் ஒரு நடுப்பகல். உன் சம்சாரம் ஆள் அனுப்பினாள் என்று ஓடி வந்தேன். இன்ஸ்டிடியூட் பெஞ்சில் படுத்திருந்தாய். சட்டை முழுக்க வேர்வை. இடது நெஞ்சில் அந்த வட்டக் காந்தம்.

"வண்டி இட்டாரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வாணாண்டா. உன் எலும்பையே ஒட்ட வச்சுது, என் நெஞ்ச வுட்ருமா? நீயே சாட்சி."

உன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. என்னைக் குணமாக்கியது காந்தம் இல்லை, நீ செய்ய வைத்த மூச்சு. அதைச் சொன்னால் இத்தனை மாதம் மறைத்ததும் வெளியே வரும். "முட்டாப் பயலே" என்று மட்டும் கத்திவிட்டு வண்டி பிடிக்க ஓடினேன். டாக்ஸியோடு திரும்பியபோது உன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நீ முட்டாள்தான். படித்த முட்டாள், சட்டம் போட்டு மாட்டிய முட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் அதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் உன்னை எடை போட்ட தராசில் ஒரு நாளாவது நான் ஏறி நின்றிருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் சம்சாரம் வாசல் வரை வந்தாள். "அண்ணா, ஊரே அவரப் பைத்தியம்னு சிரிக்குது. உங்களுக்கு நெசமாவே அவராலதான குணமாச்சு?"

"ஆமாம்மா, அவனாலதான்" என்றேன்.

டாக்டரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அவள் முகம் தெளிந்து உள்ளே போனாள். நான் தெருவில் செருப்பைத் தேடிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.