திரும்பி வந்த சால்வைகள்

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. வியர்வை, ஜவ்வாது, நசுங்கிய ரோஜா, கூடவே கொஞ்சம் டீசல். நேற்று மாலை வந்த மூட்டையை அவிழ்க்காமலே மூலையில் போட்டுவிட்டுப் போயிருந்தேன். தேர்தல் வந்துவிட்டதென்று நமக்கு டிவி சொன்னதில்லை, இந்த வாடைதான் சொல்லும். முதல் மூட்டை வந்த அன்று இந்த முறையும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்றாய். முடிவைப் பார்க்க நீ இல்லை.

பட்டு விற்கிற ஊரில் நாம் இரண்டு பேரும் பொன்னாடைக் கடை வைத்ததைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. சூரத்திலிருந்து வருகிற பாலியெஸ்டர் சால்வை, ஓரத்தில் விரலகலத்துக்கு ஜிகினா. வேட்பாளர் தெருவுக்குள் நுழைந்தால் ஆளாளுக்குப் போர்த்துவார்கள். போர்த்திய மறுகணமே பின்னால் நிற்கிறவர் அதை உருவி மூட்டையில் திணிப்பார். மாலையானால் அந்த மூட்டை பாதி விலைக்கு நம்மிடமே திரும்பி வரும். கறை பட்டது சலவைக்கு, மற்றதெல்லாம் மடித்துப் பெட்டிக்கு. இன்று ஒரு கட்சியின் தோளில் கிடந்தது நாளை அதன் எதிரியின் தோளுக்குப் போகும். "நம்ம கடையிலதான்யா கூட்டணி ஒழுங்கா நடக்குது" என்பாய். விழுந்த சால்வையைத் தோளில் எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறார் என்று பார்த்தே ஆளை எடை போடுவாய். ஒருவர்கூட உன்னிடம் பாஸானதாக எனக்கு நினைவில்லை.

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் இந்த மாதம் ஈ ஓட்டுகின்றன. ரோட்டில் பறக்கும் படை நிறுத்திக் கேட்குமே என்று பயந்து, கல்யாண வீட்டுக்காரர்கள் ரொக்கத்தோடு ஊருக்குள் வருவதில்லை. முதலாளிகள் நம் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் புலம்புகிறார்கள். வெளியே ஜீப்பில், கழுத்து நிறைய பாலியெஸ்டரோடு, நெசவாளர் வாழ்வு மலரும் என்று ஒருவர் மைக்கில் கத்திக்கொண்டு போகிறார். நீ இருந்தால் கல்லாவில் தலை வைத்துச் சிரித்திருப்பாய். நானும் பார்த்தேன். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜீப் போனதும் பெட்டியை ஒட்டப் போய்விட்டேன்.

உன் சாவும் எனக்கு அப்படித்தான் நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவன் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் சின்ன காஞ்சிபுரத்தில், உன் வீட்டு வாசலில், உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நீ வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் அல்லவா, பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு வேட்பாளரே வந்தார். பின்னால் அவருடைய மச்சான் ஏகாம்பரம். மூட்டை கொண்டுவருகிற நம் ஏகாம்பரமேதான். மாலையை எடுத்துக் கொடுக்க வேண்டியவர், பழக்க தோஷத்தில் சால்வையை எடுத்துக் கொடுத்தார். வேட்பாளரும் வாங்கிக் கண்ணாடி மேல் போர்த்தினார். கும்பிட்டு நிமிர்ந்தவர், எதிரே செல்போனைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தும்விட்டார். சால்வை நம் கடைச் சரக்கு. புது லாட் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது. நான் அழாததைப் பார்த்து, மனுஷன் எவ்வளவு திடமாக நிற்கிறார் என்றார்கள்.

காரியம் முடிந்ததும் கடைப் பேச்சு எழுந்தது. தேர்தல் முடிந்த கையோடு மூடிவிட்டு, இடத்தை ஒரு மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான் உன் தம்பி. நான் தனியாகச் சமாளிக்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும். உன் மல்லிகாதான் பிடி கொடுக்கவில்லை. "நான் வந்து உக்காந்து பாக்குறேன்ண்ணா. முடியலன்னா வுட்டுடலாம்" என்றாள். இத்தனை சீக்கிரம் வெளியே வருவதா என்று உன் உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்தவள் உன் நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வந்த அன்றே ஏகாம்பரம், கடை மூடியிருந்த நாட்களில் சேர்ந்த மூட்டையோடு வந்தார். மல்லிகா அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறை உள்ளதை இடப்பக்கம், இல்லாததை வலப்பக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சால்வையில் மட்டும் கை நின்றது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம், சுற்றிலும் மஞ்சள் அப்பியிருந்தது. ஆரத்தித் தட்டு கவிழ்ந்திருக்கும், சலவைக்குப் போடும்மா என்றேன்.

"ஆரத்தி இல்லண்ணா. இது என்னோடது" என்றாள்.

அன்று உன்னைத் தூக்குவதற்கு முன், பெண்கள் அவள் முகம் முழுக்க மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் அப்பிவிட்டார்கள். அப்படியே போய்ப் பெட்டியின் மேல் குப்புற விழுந்தாள். அந்தக் கண்ணாடிக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் கிடந்தது இந்தச் சால்வை.

ஏகாம்பரத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. குளிப்பாட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது மேலே கிடந்த மாலைகளையெல்லாம் ஓரமாக எடுத்துப் போட்டார்களாம். அதோடு சால்வையும் கிடந்ததாம். "கைப் பழக்கம்மா. தெரிஞ்சு எடுக்கல" என்று அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். மல்லிகா கொடுக்கவில்லை. மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது தொவச்சா போயிடுமாண்ணா?"

பட்டாக இருந்தால் போகாது என்று சொல்லியிருக்கலாம். "போயிடும்மா. இந்தத் துணியில எதுவும் நிக்காது" என்றேன்.

அவள் அதை நான்காக மடித்து இடப்பக்கம் வைத்துவிட்டு, மூட்டையிலிருந்து அடுத்ததை எடுத்து உதறினாள். ஏகாம்பரத்திடம், நாளைக்குச் சீக்கிரம் கொண்டுவாருங்கள், இருட்டினால் கறை தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலமே மொபைல் கடைக்காரருக்கு இடம் காலியில்லை என்று உன் தம்பியை விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டாள்.

கடை நடக்கும். உன் மனைவியைப் பற்றிக் கவலைப்படாதே. அதன் பிறகு பலமுறை சலவைக்காரர் வந்து போய்விட்டார். முதல்முறை அவர் வருவதற்கு முன்னாலேயே, இடப்பக்கத்திலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறேன், நான்.