வாசலில் சொன்ன பதில்

நவம்பர் 16, ஞாயிறு. ஜெர்சி சிட்டி.

நானும் நண்பன் செந்திலும் ஜெருசலேமிலிருந்து இன்று மாலை திரும்பினோம். கண்ணை மூடினால் அந்த வாசல்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். அக்ஸா பள்ளிவாசலுக்குள் போகும் அந்த வாசலில் முஸ்லிம்களை மட்டும்தான் விட்டார்கள். நான் முஸ்லிம்தானா என்று பார்க்க, காவலர் என்னை குர்ஆன் ஓதச் சொன்னார். அல்ஹம்து சூராவை ஓதினேன். பிறகு செந்திலைக் காட்டி, "இவர் உங்களோடு வந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றால் என்னையும் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். வாப்பா பார்க்க ஆசைப்பட்ட இடம்; பார்க்காமலே மௌத்தாகிவிட்டார். "இவரை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். செந்தில் பக்கத்திலேயே நின்றான்.

தொழுகையில் ஸஜ்தா செய்து நெற்றியைத் தரையில் வைத்தபோதும் அவன் முகம்தான். வெளியே வந்தேன். எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். "நல்லா தொழுதியா?" என்றான். பாட்டிலை நீட்டினான்.

இன்று டாக்ஸியிலிருந்து என் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "வரேன் பாய்" என்றான். ஹாஸ்டல் நாளிலிருந்து அவனுக்கு நான் "மாப்ள"தான்.

இரண்டு தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. பயணக் களைப்பு. தூங்கியிருப்பான்.