ஒரு துப்பாக்கி, இரண்டு குழாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? டகோட்டா எண்ணெய் வயலில் குளிர் அதிகம், மற்றபடி நலம்.

நேற்று இரவு யாரோ நான் தங்கியிருக்கும் டிரெய்லர் வீட்டின் கதவை உலுக்கினார்கள். நீங்கள் கொடுத்த துப்பாக்கியோடு திரும்பினால், அதில் மாட்டியிருந்த, வாத்து வேட்டைக்கான நீளக் குழாய் அலமாரியில் முட்டி நின்றுவிட்டது. வந்தது பக்கத்து டிரெய்லர் டுவைன்தான், குடிபோதையில். “இத வெச்சுக்கிட்டு வாத்தா சுடப் போற?” என்று சிரித்தான்.

அதோடு வந்த, மாற்றி மாட்டிக்கொள்ளும் வீட்டுக் காவலுக்கான குட்டைக் குழாயைத் தன் துப்பாக்கிக்குப் பொருந்துகிறதென்று தம்பி கோல்பி கழற்றிக்கொண்டான். அதை அவனிடமிருந்து வாங்கி அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும் வேண்டும்.

அவனுக்கு இரண்டு துப்பாக்கி வாங்கினீர்கள். என்னிடம், “ஒனக்கு ஒண்ணே ரெண்டுக்கும் போதும்” என்றீர்கள். அம்மா போனபின் சமையலுக்கும் சம்பாத்தியத்துக்கும் நான் ஒருத்தியே போதுமாயிருந்தேனே, அதுபோல.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் தூங்குகிறேன், கவலைப்படாதீர்கள்.

மார்லீன்