தெரு நடுவே ஓடும் கோடு

மகனுக்கு,

சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற உன் கட்சி தனக்கு வசதியாக வரைந்த புதிய தொகுதி வரைபடத்தைச் செய்தித்தாளில் பார்த்தேன். கோடு நம் தெருவின் நடுவிலேயே ஓடுகிறது. நம் வீடு உன் தொகுதியில். எதிர்வீட்டு எர்லீன் வேறு யாருடைய தொகுதியிலோ.

நேற்று தேவாலய வாசலில் அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "ஏன்டி, என் பீச் பழக் கேக்கத் தின்னு வளந்த பயலுக்கு என் ஓட்டு மட்டும் கசக்குதா? போன தடவ அவனுக்கு எதிராத்தான் போட்டேன், ஒத்துக்கிறேன். அதுக்காகத் தெருவையே வெட்டுவானா?"

தொலைபேசியில் உன்னைக் கேட்டேன். "எல்லாக் கட்சியும் செய்றதுதாம்மா" என்றாய். மக்கள்தான் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுதான் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்கும் உனக்கும் கற்பித்தார்கள். நீ சந்தையில் தக்காளி பொறுக்குவதுபோல் மக்களைப் பொறுக்குகிறாய்.

இன்று காலை, உன்னை எதிர்த்து நிற்கும் பெண் வேட்புமனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தாள். எர்லீன் பேனாவுடன் ஓடி வந்தாள். இந்தத் தொகுதிக்காரர் மட்டுமே கையெழுத்திடலாம் என்று சொல்லி எர்லீனைத் திருப்பி அனுப்பிவிட்டாள் அந்தப் பெண்.

அந்தப் பேனாவை வாங்கி நான் கையெழுத்திட்டேன். நம் வீட்டுப் புல்வெளியில் நட்டிருந்த உன் தேர்தல் பலகையையும் பிடுங்கிவிட்டேன்.

தேர்தல் முடிந்ததும் வரும் நன்றி நாள் விருந்துக்குத் தவறாமல் வா. எர்லீனுக்கு எதிரில்தான் உன் நாற்காலி.

உன் தொகுதியில் நீ விட்டுவைத்த வாக்காளர்,
அம்மா