சட்டையில் விழுந்த பெயர்

தம்பிக்கு,

நாம் இருவரும் ஒரே கதிரையில் நெருக்கியடித்துக்கொண்டு டிவியில் பார்த்த அந்த ஸ்பானியத் தடுப்பாட்டக்காரர் அர்தேச்சே, சனிக்கிழமை இங்கே பென்ரோஸுக்கு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட வந்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவருக்குச் சனம் குறையவில்லை. வரிசை கார் பார்க்கையும் தாண்டி நின்றது. இறுதிப் போட்டியில் தவறுதலாகத் தன் பக்கமே கோல் போட்டவர், மறுநாள் மைதான வாசலில் நின்று, ஏச வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாரே, அன்று சேர்ந்த சனம் அது. கோல் அடித்தவர்களைத்தான் ஊர் மறந்துவிட்டது.

"இந்த வயசில ஓட்டோகிராப்புக்கு நிக்கிறியளோ?" என்று உன் அண்ணி கேட்டாள்.

"ஓம், நிக்கிறன்" என்றேன்.

என் முறை வந்ததும் நான் நீட்டிய அணிச் சட்டையை அவர் விரித்து, யாருடைய பெயர் எழுத என்று கேட்டார். பதற்றத்தில் தமிழில் "தம்பிக்கு" என்றுவிட்டேன். மனிதர் தலையாட்டி, காதில் விழுந்ததை அப்படியே ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

"ஐயோ, அது அவன்ர பேரில்லையே!" என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டையைத் தபாலில் அனுப்பமாட்டேன். நீ இருக்கும் ஹமில்டன் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை, வந்து வாங்கிக்கொள். அம்மாவின் செத்தவீட்டில் நாம் கோபத்தில் கதைத்தவற்றை இனிக் கதைக்க வேண்டாம், மட்ச் பார்ப்போம்.

உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தும், எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் எழும்பிப் போயிருக்கிறேன். இந்த முறை முதல் சொல்லை அவரே எழுதித் தந்துவிட்டார்.

அண்ணா